குழந்தைக்குத் தைராய்டு மாத்திரை, கல்லீரலுக்குக் கேடா? மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர் நான். குழந்தைக்குத் தைராய்டு மாத்திரை வாங்க வருகிறவர்கள், பணம் கொடுத்து முடித்து, படியிறங்கும் முன் ஒரு நிமிடம் தயங்கி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்பது பெரும்பாலும் கல்லீரலைப் பற்றியதாகவே இருக்கிறது. மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்பவர்களும் உண்டு. பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு, அதைச் சரிபார்க்க என்னிடம் வருபவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தையின் மருந்தளவைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்தான்; அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

"அண்ணே, சின்ன வயசுலேர்ந்து தைராய்டு மாத்திரை சாப்பிட்டா ஈரல் கெட்டுடும்ங்கிறாங்களே, நெசமா?"

எந்த மாத்திரை என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தைராய்டு மாத்திரை என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவற்றுள், ஒன்றுக்கொன்று நேர் எதிரான வேலையைச் செய்யும் இரண்டு வகை மருந்துகள் இருக்கின்றன. சுரப்பி போதுமான அளவு சுரக்காத குழந்தைக்கு அந்தக் குறையை ஈடுகட்டக் கொடுப்பது லீவோதைராக்சின். சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் குழந்தைக்கு அதை அடக்கக் கொடுப்பது கார்பிமசோல் அல்லது மெத்திமசோல்.

சரியான அளவில் கொடுக்கப்படும் லீவோதைராக்சின் எத்தனை ஆண்டுகள் கொடுத்தாலும் கல்லீரலைக் கெடுப்பதில்லை. கார்பிமசோல் வகையில் கல்லீரல் பாதிக்கப்படும் வாய்ப்பு, அரிதாகவே என்றாலும், உண்மையில் இருக்கிறது. ஊரில் உலவும் பயத்துக்கு வேர் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. ஆனால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தியதாக என்னிடம் வந்து சொல்கிறவர்களோ, ஏறக்குறைய எல்லோரும், முதல் வகையைச் சாப்பிடும் குழந்தைகளின் வீட்டார். இந்தப் பக்கத்தை நான் எழுதத் தொடங்கியதற்குக் காரணமே அதுதான்.

"எங்க பாப்பா சாப்பிடுறது எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அட்டையிலோ புட்டியிலோ பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். தைராக்சின் சோடியம் அல்லது லீவோதைராக்சின் என்று இருந்தால் முதல் வகை. எல்ட்ராக்சின், தைரோநார்ம் போன்ற பெயர்களில் வருபவை இவையே. கார்பிமசோல், மெத்திமசோல், புரோபைல்தையோயுரசில் என்று இருந்தால் இரண்டாம் வகை.

அளவைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். முதல் வகையின் அளவு 25, 50, 75 என்று மைக்ரோகிராமில் எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் வகையின் அளவு மில்லிகிராமில் இருக்கும். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம்.

"எந்த மாத்திரையா இருந்தாலும் ஈரல் வழியாத்தானே போகணும்? தினமும் போனா அதுக்குச் சுமைதானே?"

கல்லீரல் வழியாகப் போவது உண்மை. லீவோதைராக்சின், சுரப்பி தானாகச் சுரந்திருக்க வேண்டிய டி4 ஹார்மோனின் அதே மூலக்கூறு; ஆலையில் செய்யப்பட்டது என்பது ஒன்றே வேறுபாடு. உடலில் சுரக்கும் டி4 ஆனாலும் மாத்திரையில் வந்த டி4 ஆனாலும், அதன் ஒரு பகுதியைச் செயல்திறன் கூடிய டி3 ஆக மாற்றுவதும், மிஞ்சியதைப் பித்தத்தோடு வெளியேற்றுவதும் கல்லீரலின் அன்றாட வேலைகளில் அடங்கும். மாத்திரையே சாப்பிடாத குழந்தையின் கல்லீரலும் இன்று காலையில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

சுமை என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு குழந்தை நாள்தோறும் 75 மைக்ரோகிராம் வீதம் 18 ஆண்டுகள் சாப்பிட்டால், மொத்த மருந்தின் எடை 493 மில்லிகிராம் அளவுக்குத்தான் வரும். காய்ச்சலுக்கு நாம் வாங்கும் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரையில் 500 மில்லிகிராம் இருக்கிறது. எடை குறைவு என்பதாலேயே ஒரு மருந்து தீங்கற்றது ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; இந்த மருந்து தீங்கு செய்யாததற்குக் காரணம், அது உடலுக்குப் பழகிய பொருளாக இருப்பதே. ஆனாலும் 'மூட்டை மூட்டையாக மருந்தை ஈரல் சுமக்கிறது' என்று மனத்தில் ஒரு படம் இருந்தால், அதை அழிப்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

"பாட்டிக்கு எழுதிக் கொடுத்தது 50. மூணு கிலோ பிஞ்சுக்கு 37.5 எழுதியிருக்காங்க. அந்த ஈரல் தாங்குமா?"

பலமுறை என்னைத் தொலைபேசியில் அழைத்து 'டாக்டர் தப்பா எழுதிட்டாங்களா' என்று கேட்க வைத்த சீட்டு இது. எழுதியது சரிதான். பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைக்குத் தொடக்க அளவு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு அது கிலோவுக்கு 1.6 அளவே. முதல் மூன்று ஆண்டுகளில் மூளை வளரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க அந்த ஹார்மோன் அவ்வளவு தேவைப்படுகிறது. வயது ஏற ஏறக் கிலோவுக்கான அளவு தானாகவே இறங்கும்.

இங்கே தயங்கி நாட்களை வீணாக்குவதுதான் ஆபத்து. பிறந்த இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கப்பட்டால் அறிவு வளர்ச்சி மற்றக் குழந்தைகளைப் போலவே அமைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. மாதக்கணக்கில் தள்ளிப்போனால் ஏற்படும் இழப்பைப் பின்னால் எந்த மருந்தாலும் மீட்க முடியாது. மாத்திரையைப் பொடித்து, ஒரு தேக்கரண்டி தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கலந்து, பாலாடையால் அப்போதே கொடுத்துவிட வேண்டும். கரைத்து வைத்துவிட்டு மறுநாள் கொடுக்கக் கூடாது.

"இப்ப ஒண்ணும் தெரியாது. இருபது, முப்பது வருசம் கழிச்சு வந்து நின்னா?"

அந்தக் காலத்தையும் தாண்டிய அனுபவம் மருத்துவ உலகுக்கு இருக்கிறது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு குறைந்து நலிந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்தத் தொடங்கினார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74 வயதில், 1919இல் இறந்தார். அதற்குள் அவருக்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டிருந்தன. தைராக்சினைச் செயற்கையாகச் செய்யும் வழி 1927இல் வந்தது. இன்று உலகில் மிக அதிகமாக எழுதப்படும் மருந்துகளுள் லீவோதைராக்சின் ஒன்று. குழந்தைப் பருவத்தில் தொடங்கி முதுமை வரை அதைச் சாப்பிட்டவர்கள் ஏராளம்.

அந்தத் திரளில், இந்த மருந்துக்கு ஒவ்வாமை போன்ற எதிர்வினை ஏற்பட்டுக் கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் பொருட்கள்) உயர்ந்த நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவை தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ தெரிந்துவிடும் வகையைச் சேர்ந்தவை. ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து பின்னர் வெளிப்படுபவை அல்ல. மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போவதும் இல்லை. இன்று உள்ளே போனதில் பாதி ஏறக்குறைய ஏழு நாட்களில் தீர்ந்துவிடுகிறது.

"அப்ப வருசா வருசம் ஈரல் டெஸ்ட் எடுக்க வேணாமா?"

லீவோதைராக்சின் மட்டும் சாப்பிடும், வேறு தொந்தரவு இல்லாத குழந்தைக்கு வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை. தவறாமல் எடுக்க வேண்டியது டிஎஸ்ஹெச் (தைராய்டு போதாதபோது உயரும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (இரத்தத்தில் தனித்து உலவும் டி4) பரிசோதனைகள்: மருந்து தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் ஒன்று, அளவு நிலைக்கும் வரை அடிக்கடி, முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். உயரத்தையும் எடையையும் குறித்து வைப்பது இதே அளவுக்கு முக்கியம், அதற்குச் செலவும் இல்லை.

"எங்க மனசு கேக்கல, எடுத்துட்டோம். அல்கலைன் பாஸ்பட்டேஸ் ரொம்ப அதிகம்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கே?"

இந்த ஒரு வரி கெடுத்த தூக்கம் கொஞ்சநஞ்சமில்லை. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கல்லீரலிலிருந்து மட்டும் வருவதன்று. வளரும் எலும்பிலிருந்தும் வருகிறது. வளரும் பிள்ளைக்கு, அதிலும் உயரம் சட்டென்று கூடும் பருவத்தில், அது பெரியவர்களின் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருப்பது இயல்பு. சில ஆய்வகங்கள் வயது பாராமல் பெரியவர்களுக்கான எல்லையையே அச்சிட்டுவிடுகின்றன. கணினியும் அதைப் பார்த்துத் தடித்த எழுத்தைப் போட்டுவிடுகிறது.

ஐயம் இருந்தால் காமா ஜிடி என்ற இன்னொரு கல்லீரல் நொதியின் பரிசோதனை தெளிவுபடுத்தும். அது எலும்பிலிருந்து வருவதில்லை. அது இயல்பாக இருந்தால், உயர்ந்திருப்பது எலும்பின் பங்கே என்று பெரும்பாலும் கொள்ளலாம். வைட்டமின் டி குறைபாடும் எலும்பின் பங்கை உயர்த்தும் என்பதால், தாளை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

"பையனுக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் கூடியிருக்கு. மாத்திரையைத் தவிர வேற என்ன காரணம் இருக்க முடியும்?"

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் நொதிகள். அவை கூடக் காரணங்கள் நிறைய இருக்கின்றன, லீவோதைராக்சின் அந்த வரிசையின் கடைசியில் வரும். மாத்திரை போதாமல் இருப்பதுகூடக் காரணமாகலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். தைராய்டு குறைந்தால் தசைகள் பாதிக்கப்பட்டு எஸ்ஜிஓடி உயரும், கொழுப்பைக் கையாளும் கல்லீரலின் திறன் மந்தமாகும், இரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடும். இந்த நிலையில் ஈரலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால், எந்த எண்ணைப் பார்த்துப் பயந்தோமோ அந்த எண் மேலும் ஏறும். மறுபுறம், மருந்தின் அளவு நீண்ட நாள் மிகுதியாகப் போனாலும் நொதிகள் சற்று உயரலாம். ஆகவே டிஎஸ்ஹெச் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு வழக்கமான காரணங்கள்: உடல் பருமனோடு வரும் கொழுப்புக் கல்லீரல், அண்மையில் வந்துபோன வைரஸ் காய்ச்சல், தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் தெருவும் ஒன்றாகிக் குடிநீர்க் குழாயில் அழுக்கு கலக்கும் வாரங்களுக்குப் பிறகு, மஞ்சள் காமாலைக்காகக் கடைக்கு வருகிறவர்கள் கூடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தைராய்டு குறைவு உடலின் சொந்த எதிர்ப்பாற்றலால் வந்ததாக இருந்தால், அதே வகைக் கல்லீரல் அழற்சியும், கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் தூண்டிவிடும் சீலியாக் என்ற குடல் நோயும் அரிதாக உடன் வரக்கூடும். நொதி உயர்வு நீடித்தால் மருத்துவர் அவற்றையும் தேடுவார்.

"பொறந்தப்பவே இவளுக்கு மஞ்சக்காமாலை ரொம்ப நாள் இருந்துச்சு. ஈரல் பலவீனமான புள்ளைக்கு இந்த மாத்திரை ஆகுமா?"

இங்கே காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன. பிறவித் தைராய்டு குறைவின் அடையாளங்களுள் ஒன்றே நெடுநாள் நீடிக்கும் மஞ்சள் நிறம். ஹார்மோன் குறைவால், அந்த மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினைப் பதப்படுத்தும் வேலை பிஞ்சுக் கல்லீரலில் மெதுவாக நடந்திருக்கும். மாத்திரை தொடங்கியதும் அது சீரடைந்திருக்க வேண்டும். கல்லீரலுக்கு உதவிய மருந்தையே இப்போது சந்தேகிக்கிறோம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்து, குழந்தையின் மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், அது பித்த நாள அடைப்பாக இருக்கலாம். அறுவை சிகிச்சையை 60 நாட்களுக்குள் செய்வதே நல்லது என்பதால், ஒரு நாளும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

"என் பொண்ணு சாப்பிடுறது கார்பிமசோல். அப்ப நான் பயப்படத்தான் வேணுமா?"

பயம் வேண்டாம், கவனம் கட்டாயம் வேண்டும். கார்பிமசோல் உடலுக்குள் மெத்திமசோலாக மாறி வேலை செய்கிறது. இதனால் கல்லீரல் பாதிக்கப்படுவது அரிது. பாதித்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள், பித்த ஓட்டம் தடைப்படும் விதத்தில் பாதிக்கும். மருந்தை நிறுத்தினால் பொதுவாகத் தேறிவிடும். தைராய்டு மிகுதியே கல்லீரல் நொதிகளை உயர்த்தும் என்பதால், மருந்து தொடங்கும் முன்பே ஒருமுறை கல்லீரல் பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாவிட்டால், பின்னால் எண் உயரும்போது நோயால் உயர்ந்ததா மருந்தால் உயர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

உடல் முழுவதும் நமைச்சல், கண்ணில் மஞ்சள், கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், சோற்றைக் கண்டாலே குமட்டல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி, இவற்றுள் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு தொண்டை வலி வந்தாலும் அப்படியே. அது கல்லீரலைப் பற்றியதன்று, இரத்தத்தின் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம், அன்றே இரத்த எண்ணிக்கை பார்த்தாக வேண்டும்.

புரோபைல்தையோயுரசில் கதை வேறு. அது கல்லீரலைத் திடீரென்று, முன்னறிவிப்பின்றி, மாற்று உறுப்பு தேவைப்படும் அளவுக்கே தாக்கக்கூடும். முன்கூட்டி எடுக்கும் பரிசோதனைகளில் பிடிபடாமலும் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் எச்சரித்து, 2010இல் அந்த மருந்தின் தாளில் கட்டமிட்ட எச்சரிக்கையையே அச்சிட வைத்தது. வேறு வழியே இல்லாத சில நிலைகளைத் தவிரக் குழந்தைகளுக்கு அது எழுதப்படுவதில்லை. உங்கள் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

"மஞ்சக்காமாலை வந்துடுச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குறோம். தைராய்டு மாத்திரைய நிறுத்திடலாமா?"

இரண்டாம் வகை மாத்திரை என்றால், மேலே சொன்னபடி நிறுத்தி அன்றே காட்ட வேண்டும். லீவோதைராக்சின் என்றால் நிறுத்தக் கூடாது. காமாலையிலும் உடலுக்கு அந்த ஹார்மோன் தேவை. வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் ஓரிரு நாள் விடுபட்டாலும் பாதகமில்லை, ஏழு நாள் கணக்கை முன்பே பார்த்தோம்.

கீழாநெல்லியை இந்தப் பக்கத்தில் கைவிடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பதும், பெயர் தெரியாத சூரணங்களைக் கூடச் சேர்ப்பதும் ஆபத்தானவை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். தன்னெதிர்ப்பு வகைத் தைராய்டு நோய் உள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளாக மாத்திரையை அஞ்சுகிற வீட்டில் சீந்தில் பொடி டப்பா அஞ்சாமல் அலமாரியில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"டிஎஸ்ஹெச் எறங்கவே மாட்டேங்குது, டோஸ் கூட்டிக்கிட்டே போறாங்க. இது ஈரலைத் தாக்காதா?"

கூட்டிய அளவு உடலுக்குள் போய்ச் சேர்கிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. இந்த ஊரில் நான் காணும் முதல் காரணம் காப்பி. டிகிரி காப்பி மணக்கும் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு தம்ளர் கிடைத்துவிடுகிறது, மாத்திரையும் அதோடு போகிறது. காப்பியும் பாலும் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில், தண்ணீரில் மாத்திரை; பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே மற்றவை.

இரும்பு, கால்சியம் மருந்துகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தரும் இரும்புச்சத்து மாத்திரையால் சிக்கல் இல்லை, காலை மாத்திரை அதற்குள் உறிஞ்சப்பட்டிருக்கும். வீட்டில் காலையில் ஊற்றிக் கொடுக்கும் டானிக்தான் கெடுக்கிறது. இவற்றைச் சரிசெய்யாமல் அளவைக் கூட்டி, பிறகு ஒருநாள் பழக்கம் தற்செயலாகச் சரியானால், மருந்து மிகையாகி நெஞ்சுப் படபடப்பும் எடை இழப்பும் வரும், நொதிகளும் சற்று ஏறலாம்.

"தைராய்டு மாத்திரையோட டிபி மருந்தும் சேர்ந்து ஆறு மாசம் சாப்பிடணும். ரெண்டும் சேர்ந்தா ஈரல் என்னாகும்?"

கல்லீரலைக் கண்காணிக்க வேண்டியது காசநோய் மருந்துகளுக்காக. ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுக்கும் அந்த இயல்பு உண்டு. லீவோதைராக்சின் அந்தச் சுமையைக் கூட்டுவதில்லை. ஆனால் ரிஃபாம்பிசின், தைராக்சினைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்துவிடுவதால், தைராய்டு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். சிகிச்சை முடிந்ததும் குறைக்க வேண்டி வரலாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவற்றுக்கும் இதே விதி. வால்புரோயேட் மட்டும் தனியாகவே கல்லீரலைக் கவனிக்க வேண்டிய மருந்து. சீட்டு எழுதும் ஒவ்வொரு மருத்துவரிடமும் மற்றச் சீட்டையும் காட்டுங்கள்.

"மூணு வயசுல நிறுத்திப் பார்க்கலாம்னு சொன்னாங்க. நாங்களே ரெண்டு மாசம் முன்னாடி நிறுத்திட்டோம், ஈரலுக்கு ஓய்வா இருக்கட்டும்னு."

கல்லீரலுக்கு ஓய்வு தேவைப்படவில்லை என்பதை மூன்றாம் கேள்வியில் பார்த்தோம். மூன்று வயதில் நிறுத்திப் பார்ப்பது, சுரப்பி தானாக வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று அறிய நடத்தப்படும் சோதனை. எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தாது. சுரப்பியே இல்லாத குழந்தைக்கு நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. நிறுத்தினால் சில வாரங்களில் இரத்தம் எடுத்துப் பார்ப்பது அந்தச் சோதனையின் பாதி. இரத்தம் எடுக்காமல் நிறுத்தியிருந்தால் நாளைக் காலையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரைப் பாருங்கள். திட்டுவார் என்று போகாமல் இருக்க வேண்டாம்.

"பொண்ணுக்கு வரன் பாக்குறோம். சின்ன வயசுலேர்ந்து மாத்திரை சாப்பிட்டவ, ஈரல் போயிருக்கும், புள்ள தங்காதுங்கிறாங்க மாப்பிள வீட்டுல. என்ன சொல்றது?"

அவள் சாப்பிடுவது லீவோதைராக்சின் என்றால், கல்லீரலைப் பற்றி இதுவரை எழுதியவற்றைக் காட்டலாம். அண்மைய டிஎஸ்ஹெச் தாளையும் காட்டலாம். கருத்தரிப்புக்கும் கருவுக்கும் தடையாவது தைராய்டு குறைவைக் கவனிக்காமல் விடுவது. மாத்திரையால் டிஎஸ்ஹெச் சரியாக இருக்கும் பெண் மற்றப் பெண்களைப் போலவே பிள்ளை பெறுகிறாள். கரு உறுதியானவுடன் மருந்தின் அளவைக் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூட்ட வேண்டியிருக்கும் என்பதால், நாள் தள்ளிப்போன உடனேயே மருத்துவரிடம் போக வேண்டும்.

கார்பிமசோல் சாப்பிடுகிற பெண் என்றால் பேச்சைத் திருமணத்துக்கு முன்பே மருத்துவரிடம் தொடங்க வேண்டும். கருவின் முதல் மூன்று மாதங்களில் கார்பிமசோல் சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும் என்பதால், குழந்தைகளுக்கு வேண்டாம் என்று மேலே ஒதுக்கிய புரோபைல்தையோயுரசிலையே அந்தக் குறுகிய காலத்துக்கு மட்டும் தேர்ந்தெடுப்பது வழக்கம். மாற்றுவதா, அதற்கு முன்பே வேறு சிகிச்சையால் நோயை முடித்துவிடுவதா என்பதைத் தாலி கட்டிய பிறகு அவசரமாகத் தீர்மானிக்க முடியாது. அதற்குச் சில மாதங்கள் வேண்டும்.